சிவப்பு அம்பு

பகல் முழுக்க நான் பிழை பார்க்கிறவள்.
தைத்த சட்டையைக் குழல் விளக்கின் கீழே விரித்து
விட்ட தையல், இழுபட்ட நூல், எண்ணெய்ப் பொட்டு,
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளிவிடுவேன்.
ஆறு மணிக்கு விசுவமடுச் சந்தியில் பஸ் இறக்கும்.
கைப்பைக்குள் மிஞ்சின அம்புத்தாள்
(களவில்லை, வெட்டி எறிகிற ஓரம்).

வேலியோரம் பதினாலு பயித்தங்கொடி.
கூடாரத்தில் இருந்த காலத்து இரும்புக் குழாயில் நாலு,
மிச்சம் கிளுவந்தடியில்.

மூன்றாம் கொடியில் கண் நின்றது.
துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை,
மஞ்சள் துணியில் மீன்முள்ளை வைத்த மாதிரி.
ஒட்டினேன் ஓர் அம்பு.
ஆறாவதில் வெள்ளைக் கிறுக்கல்,
இலையின் தோலுக்குள்ளே ஊர்ந்த ஏதோ ஒன்று
எழுதப் பழகியிருந்தது.
ஏழில் ஓட்டை. எட்டில் சுருட்டை.
இருட்டுப்படும்போது
வேலி முழுக்கச் சிவப்பு.

தொழிற்சாலையில் அத்தோடு என் வேலை முடியும்.
திருத்துகிறவள் வேறு மேசை.
இங்கே அந்த மேசையும் நான்தான்.

ஞாயிறு மத்தியானம்
சவர்க்காரத் தூளைக் கரைத்து அடித்தேன்.
நுரை வந்தால் மருந்து என்று நினைப்பு.
பின்னேரம் இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது,
இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்த மாதிரி.
அந்தப் பிழைக்கு அம்பை எங்கே ஒட்டுவது,
என் நெற்றியிலா?

பிறகுதான் உறைத்தது:
சட்டையை உள்பக்கம் திருப்பாமல் விடமாட்டேன்,
இலையை ஒருநாளும் திருப்பவில்லை.

திருப்பினால்
எள்ளுக் கொட்டின மாதிரி அழுக்கணவன்,
அடித்தண்டில் ஏறி இறங்குகிற எறும்பு வரிசை,
பால்மாட்டுக்குப் போய்வருகிறவர்களின் அவசரத்தோடு.
இந்த முறை மருந்து இல்லை.
குழாய்த் தண்ணியை வேகமாக அடித்து உதிர்த்தேன்.
விடிய, பனி காயமுன்,
அடுப்புச் சாம்பலை அரித்துத் தூவினேன்.
நாலாம் நாள் எறும்பு வேறு வேலைக்குப் போய்விட்டது.

மஞ்சள் துளிரைக் கைபேசியில் எடுத்து
கமநல நிலையத்துக்கு அனுப்பினேன்.
போதனாசிரியர் தர்மிலா எழுதினா:
"உங்கட கேத்திலுக்கை பாருங்கோ."
பார்த்தேன். அடியில் விரல் மொத்தத்துக்குச் சுண்ணாம்பு.
அதே கிணற்றுத் தண்ணிதான் கொடிக்கும்.
மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காதாம்.
இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டே
அது இரும்புக்கு ஏங்கியிருக்கிறது.
சாணம், மக்கின குப்பை, கிடாரத்தில் பிடித்த மழைத்தண்ணி.
புதுத் துளிர் இப்போது கொஞ்சம் பச்சை.
கொஞ்சம்தான்.

அதே படத்தின் மூலையில் ஒன்பதாம் கொடி
தற்செயலாக விழுந்திருந்தது.
சாயம் சரியாக ஏறாத துணி போல
பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, இலை நெளிந்து.
"அதைப் பிடுங்குங்கோ. மருந்தில்லை."

முதல் பூ அதில்தான்.
மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.
நாலாம் நாள் பத்தாம் கொடியும் நெளிந்தது.
இரண்டையும் வேரோடு இழுத்து, சாக்கில் கட்டி எரித்தேன்.
ஈரக்கொடி லேசில் எரியாது.
புகை வேலி தாண்டிப் போனது.

வேலிக்கு அந்தப் பக்கமும் பயித்தைதான்.
சூசைதாசனோடு ஆடு மேய்ந்த கதையில்
ஏழு மாதம் பேச்சில்லை.
அழுக்கணவனுக்கு எல்லைக்கல் தெரியாது.
ஒரு கொடியில் வாய் வைத்து
அடுத்த கொடிக்கு நோயைக் கொண்டுபோகும்.
அந்த மூன்று நாளும் என்னுடையது.

படலையில் நின்று சொன்னேன்.
பிந்திப் பிடுங்கினதையும் சொன்னேன்.
மனிசன் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய் டோர்ச் எடுத்து வந்தார்.
குனிந்து முதல் இலையைத் திருப்பினார்.

அம்புத்தாளில் பாதியைக் கிழித்து நீட்டினேன்.
"ஓட்டை இலைக்கும் ஒட்டவேணுமோ?"
வேண்டாம் என்றேன்.
என் ஏழாம் கொடியில் அம்பைக் கழற்றி இரண்டு கிழமை.
ஓட்டை இலைக்குப் பக்கத்திலேயே
ஒரு முழ நீளக் காய் தொங்குகிறது.